எள்ளும் கொள்ளும்

போன பொங்கலுக்கு அத்தை வந்தபோது ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய கொள்ளுப்பொடி அரைத்து எடுத்துவந்தார். சாதத்தில் பிசைந்து சாப்பிடு, ரசத்தில் போடு, மூணே மாசத்தில் உடம்பு வத்திடும் என்றார். எனக்கு 43 வயது, 155 செ.மீ. உயரம், 68 கிலோ எடை. டப்பாவை வாங்கி அலமாரியில் வைக்கும்போதுதான் உறைத்தது, இதே அத்தை இதே மாதிரி ஒரு டப்பாவில் 2004-ல் எனக்கு எள்ளுருண்டை பிடித்துக் கொண்டுவந்தார். அப்போது நான் 22 வயதில் 41 கிலோ. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொல்வார்கள். இருபது வருஷ இடைவெளியில் இரண்டுமே ஒரே கையிலிருந்து எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, இரண்டுமே பாசத்தோடு.

அந்த 2004-ஐ முதலில் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊர். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டு, போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே என் அம்மாவிடம் சொன்னார்கள்: "பொண்ணு லட்சணமாதான் இருக்கு, கொஞ்சம் சதை வைக்கட்டும், பார்க்கலாம்." ஆட்டுக்குட்டிக்குச் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், இன்னும் அந்தக் குரல் அப்படியே காதில் இருக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்தது எனக்குத் தீனி. காலையில் உளுந்தங்களி நல்லெண்ணெய் ஊற்றி, மத்தியானம் தயிர் கெட்டியாக, ராத்திரி நேந்திரம்பழமும் பாலும், நடுவில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அஸ்வகந்தா லேகியம், அதற்கு மேல் அத்தையின் எள்ளுருண்டை. வாரத்துக்கு ஒருமுறை அம்மா என் கையைப் பிடித்து, வளையலை மணிக்கட்டிலிருந்து மேலே தள்ளிப் பார்ப்பார். முழங்கை வரைக்கும் தடையில்லாமல் ஏறினால் அம்மா முகம் வாடிவிடும். நடுவிலேயே நின்றால் சந்தோஷம்.

ரயில்வே ஸ்டேஷனில் எடை பார்க்கும் மெஷின் நினைவிருக்கிறதா? வட்டமாகக் கலர் விளக்கு சுற்றும், காசு போட்டால் தடக்கென்று ஒரு அட்டை விழும், ஒரு பக்கம் நடிகர் படம் இருக்கும், இன்னொரு பக்கம் எடையும் ராசிபலன் மாதிரி ஒரு வரியும். அந்த அட்டைகளை அம்மா பீரோவில் சேர்த்து வைத்திருந்தார். 41, 41, 42, மறுபடி 41. எனக்கு ஒரு நோயும் கிடையாது. நன்றாகச் சாப்பிட்டேன், சைக்கிளில் நாலு கிலோமீட்டர் போய் வேலை பார்த்தேன், மாசம் தவறாமல் தூரம் ஆனது. அந்த உடம்பின் வாகு அப்படி. ஆனால் அட்டையில் விழுகிற எண்ணை வைத்துத்தான் எங்கள் வீட்டின் மானமே இருந்தது, ஏனென்றால் பெண் ஒல்லியாக இருந்தால் பெண் மட்டும் அல்ல, அம்மா சரியாகச் சோறு போடவில்லை, அப்பா சம்பாத்தியம் போதவில்லை என்றெல்லாம் ஊர் படிக்கும்.

இளைத்தல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மெலிவது என்றும் அர்த்தம், களைத்துப்போவது, தோற்றுப்போவது என்றும் அர்த்தம். இளைப்பு என்றால் மூச்சு வாங்குகிற நோய். உட்கார்ந்து ஓய்வெடுப்பதற்கு இளைப்பாறுதல் என்று பெயர். மெலிவைத் துன்பத்திலிருந்து பிரித்துப் பார்க்க நம் பாஷைக்கே பழக்கமில்லை. சங்கப் பாட்டில் தலைவன் பிரிந்து போனால் தலைவிக்கு நடக்கிற முதல் விஷயம் வளை நெகிழ்வதுதான், கையிலிருந்து வளையல் கழன்று விழும், அதைப் பார்த்து ஊர் அலர் தூற்றும். திருக்குறளில் உறுப்புநலன் அழிதல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, மூங்கில் மாதிரி பருத்திருந்த தோள் வாடி வளையல் சோர்ந்து விழுவது அதில் வருகிறது. அழகி என்றால் பணைத்தோள், கூடவே இருக்கிறதோ இல்லையோ என்னும்படி இடை. அதே வள்ளுவர், காம்பைக் கிள்ளாமல் அனிச்சப்பூவைச் சூடிவிட்டாள், அந்தப் பாரத்தில் இவள் இடை ஒடிந்து சாவுப்பறை கொட்டப்போகிறது என்கிறார். தோள் பருக்கவும் வேண்டும், இடை இற்றுப்போகவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே உடம்பில் கொண்டுவருவது கல்லிலும் செம்பிலும்தான் சுலபம். தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் சோழர் காலத்துப் பார்வதி சிலைகள் முன்னால் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், அவ்வளவு அழகு. சின்ன வயதில் அவற்றைப் பார்த்து என் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெட்கப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் வெறும் ரசனை என்று நான் நினைக்கவில்லை. பசி கண்ட ஊர் இது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த போட்டோக்கள் இருக்கின்றன, பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது, தோல் போர்த்திய எலும்புகளாக ஒரு குடும்பமே வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்தச் சமயத்தில்தான் பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஒரு அணா என்று கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிர் தரிக்கப் போதாது என்று சண்டை போட்டார். அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. அத்தை 1950-ல் பிறந்தவர். அறுபதுகளில் அரிசி கிடைக்காமல் திண்டாடியதை இன்றைக்கும் சொல்வார், ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் எப்படி ஊரையே தூக்கி நிறுத்தியது என்று சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும். அந்தத் தலைமுறைக்குப் பூசினாற்போல் இருக்கிற உடம்பு ஒரு வீட்டின் நல்ல செய்தி. "என்னடி இப்படி இளைச்சுட்ட?" என்று வாசலிலேயே கேட்பது, சாப்பாட்டுக்கு வழியிருக்கிறதா என்று கேட்பது. இதை நான் புரிந்துகொள்ளவே நாற்பது வயது ஆகிவிட்டது.

கல்யாண ஜாக்கெட் தைக்கிற டெய்லர்களுக்கு இது எல்லாம் தெரியும். எங்கள் ஊர் டெய்லர் உள்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டு, மூன்று தையல் ஓட்டிக் கொடுப்பார். கல்யாணம் ஆன ஆறு மாசத்தில் ஒரு தையல் பிரிக்கலாம், பிள்ளை பெற்றபின் இன்னொன்று, மூன்றாவது அப்புறம். பெண்ணின் உடம்பு மாறும், மாறிக்கொண்டேதான் இருக்கும் என்பதை அந்தத் தையற்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் துணியில் எழுதி வைத்திருந்தார். புடவைக்கோ அளவே இல்லை, கட்டுகிறவளுக்கு ஏற்ற மாதிரி கொசுவம் கூடும் குறையும். பிற்பாடு ரெடிமேட் கடையில் எக்ஸெல், டபுள் எக்ஸெல் என்று அடுக்கிலிருந்து எடுத்துத் தரும் பெண் "உங்க சைஸ் இதுல வராதுக்கா" என்றபோதுதான், என் உடம்பு துணிக்குப் பொருந்த வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்தது.

எப்போது மாறியது என்று தேதி போட்டுச் சொல்ல முடியவில்லை. தொண்ணூறுகளில் குஷ்புவுக்குத் திருச்சிப் பக்கம் கோயில் கட்டினார்கள், மெத்தென்று உப்பியிருக்கும் இட்லிக்கு அவர் பெயர் வைத்தார்கள், இன்றைக்கும் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் கதாநாயகி என்றால் எலும்பு தெரிகிற கழுத்து என்று ஆகிவிட்டது. ஆண்களுக்குத் தொப்பை இருந்தாலும் படம் ஓடியது, அது வேறு கதை. சிரிக்க வைக்கிறவர்களுக்கு மட்டும் இரண்டு பக்கமும் எப்போதும் அடி விழுந்தது. குண்டு கல்யாணம், ஓமக்குச்சி நரசிம்மன். இரண்டு பேருக்கும் உடம்பே இனிஷியலாக ஒட்டிக்கொண்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒல்லியான ஒவ்வொரு பையனையும் ஓமக்குச்சி என்றுதான் கூப்பிட்டோம், நானும் கூப்பிட்டிருக்கிறேன், அதில் ஒருவன் அதற்காகவே டிராயிங் போட்டிக்கு மேடை ஏற மறுத்துவிட்டான்.

இப்படி ஒரு சமூகத்தின் கண் மாறுவதைக் கிட்டத்தட்ட கடிகாரம் வைத்துப் பார்த்த ஒரு ஆய்வு பிஜித் தீவில் நடந்திருக்கிறது. பிஜி என்றால் நமக்குக் கரும்புத் தோட்டமும் அங்கே கப்பலேறிப் போன நம் பெண்களும்தான் நினைவுக்கு வரும். இது அந்தத் தீவின் பூர்வகுடிகளைப் பற்றியது. அங்கே நல்ல கட்டான, சதைப்பிடிப்பான உடம்புதான் அழகு. ஒருவர் இளைத்துவிட்டால் அவர் வீட்டார் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம், அப்படியே எங்கள் ஊர்தான். நட்ரோங்கா என்ற பகுதிக்கு 1995-ல் டி.வி. வந்தது. மருத்துவரும் மானுடவியலாளருமான ஆன் பெக்கர், டி.வி. வந்த சில வாரங்களில் பள்ளி மாணவிகள் 63 பேரிடம் பேசினார், மூன்று வருஷம் கழித்து 1998-ல் 65 பேரிடம். எடையைக் குறைக்கத் தானே வாந்தி எடுத்துக்கொள்கிற பெண் முதல் தடவை ஒருத்திகூட இல்லை. இரண்டாம் தடவை 11.3 சதவீதம். மூன்றே வருஷம்! அந்த வீடுகளில் பாட்டிகள் இன்னமும் "சாப்பிடு, சாப்பிடு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள், தட்டு நிறைய வைத்திருப்பார்கள், பேத்தி பின்கட்டுக்குப் போய்விட்டு வந்திருப்பாள். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். கல்யாணம் ஆனது, 2008-லும் 2011-லும் இரண்டு பிரசவம், இரண்டுக்கும் அம்மா வீட்டில் பூண்டுக்குழம்பும் பிரசவ லேகியமும். எடை 58-க்கு வந்தது. எல்லோரும் "இப்பதான் பாக்க லட்சணமா இருக்க" என்றார்கள். அந்த இரண்டு மூன்று வருஷம் மட்டும்தான் என் உடம்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாமல் விட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த 58 கிலோவிலேயே ஒரு கம்பெனி ஹெல்த் செக்கப்பில் என் பெயருக்கு நேராக "அதிக எடை" என்று எழுதியிருந்தது. பி.எம்.ஐ. 24.1. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருகிற எண். இதன் ஆதிக் கணக்கைப் போட்டவர் கெட்லே என்ற பெல்ஜியக்காரர், வானியலும் புள்ளியியலும் தெரிந்தவர், 1830-களில் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தவர். மருத்துவர் அல்ல, ஒரு ஆளின் நோயைக் கண்டுபிடிக்க அவர் அதைப் போடவும் இல்லை. 1972-ல் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் அதற்கு இப்போதைய பெயரை வைத்தார். 1998-ல் அமெரிக்காவில் அதிக எடைக்கான கோட்டை 25-க்கு இறக்கியதும் கோடிக்கணக்கான பேர், ஒரு கிராம்கூட ஏறாமல், ராத்திரியோடு ராத்திரியாக அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். ஆசிய உடம்புகளுக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. அதற்கு உண்மையான காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் லட்சணமான மருமகளும் அதிக எடைக்காரியும் ஒரே நாளில் நானாகவே இருந்தேன்.

அப்புறம் 2017 வாக்கில் எடை ஏற ஆரம்பித்தது. கூடவே அசதி, முடி கொட்டல், சித்திரை மாசத்திலும் குளிர்கிற மாதிரி ஒரு உணர்வு. ஒரு டாக்டரிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தராசைக் காட்டினார். வெயிட்டைக் குறைங்க, எல்லாம் சரியாயிடும் என்றார். கால் வலி என்று போனபோதும் அதே பதில், தலைசுற்றல் என்று போனபோதும் அதே பதில். இரண்டு வருஷம் சோற்றைக் குறைத்து, விடியற்காலையில் நடந்து, குறையாதபோதெல்லாம் நான்தான் ஒழுங்காக இல்லை என்று என்னையே திட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். கடைசியில் வேறு ஒரு டாக்டர், வயதான அம்மா, என்னை உட்காரவைத்து "உனக்கு என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார். தைராய்டு டெஸ்ட் எழுதினார். நன்றாகவே குறைந்திருந்தது. மாத்திரை ஆரம்பித்த இரண்டு மாசத்தில் அந்தக் குளிர் போயிற்று. எடை பெரிதாக இறங்கவில்லை, ஆனால் நான் மறுபடியும் மனுஷியானேன். அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கத்தான் செய்கிறது.

எடைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன், அதே கணக்கில் 12.6 சதவீதம் பேர் இருக்க வேண்டியதைவிட மெலிவு. எள்ளும் கொள்ளும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன. நான் சொல்வது, கண்ணால் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது என்பதை. அதை என் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அப்பாவுக்குக் கை கால் எல்லாம் குச்சி, வயிறு மட்டும் சின்னதாக முன்னால் தள்ளியிருக்கும். அவரை யாரும் எந்த டாக்டரும் எடை பார்க்கச் சொன்னதில்லை, ஒல்லியான ஆளுக்கு என்ன சுகர் வரப்போகிறது என்பதுதான் எல்லோருடைய கணக்கும். 2012-ல் அந்த வயிறும் வற்றியது. ஊரே பாராட்டியது. "வாக்கிங் போறீங்களா சார், சின்னப் பையன் மாதிரி ஆயிட்டீங்களே" என்று டீக்கடையில் கேட்டார்களாம், அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. வாட்ச் ஸ்ட்ராப்பில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். அத்தை ஒருவர்தான் வந்த அன்றைக்கே சொன்னார்: "தம்பி இளைச்சுட்டான்டி. தண்ணி வேற சொம்பு சொம்பா குடிக்கிறான். எனக்கு என்னமோ சரியாப் படல." நான் படித்தவள் என்ற நினைப்பில், "தொப்பை குறைஞ்சா நல்லதுதானே அத்தே, நீங்க சும்மா எதையாவது சொல்லாதீங்க" என்றேன். மூன்று மாசம் கழித்துக் காலில் ஒரு புண் ஆறாமல் போய் ரத்தம் பார்த்தபோது சர்க்கரை 400-க்கு மேல். இரண்டு விரல் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

பிற்பாடுதான் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கின் வேலையைப் படித்தேன். 2004-ல் லான்செட் இதழில் அவரும் பிரிட்டிஷ் மருத்துவரான ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஒரு போட்டோ வந்தது. இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3, ஒரு புள்ளி வித்தியாசமில்லை. உடம்பில் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம் ஆளுக்கு 21.2. பிறந்த குழந்தைகளையே அவர் குழு அளந்து பார்த்தது. புனே கிராமத்துக் குழந்தை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தை 3.5 கிலோ. நம் குழந்தைக்குக் குறைந்தது தசை, அந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் பருத்த உடம்பு. என் அப்பாவின் கைகாலும் வயிறும் கண்முன் வந்து நின்றன. 2023-ல் வெளிவந்த ஆய்வு இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்றது. அதில் எத்தனை பேரை ஊர் "நல்ல ஸ்லிம்மா இருக்கீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கும்.

அத்தை அன்றைக்குச் சொன்னதை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அவர் பார்த்தது எடையை மட்டும் அல்ல, சொம்பையும் பார்த்தார். என்னைப் பார்த்த அந்த முதல் டாக்டர் தராசைத் தாண்டவே இல்லை.

என் பெண்ணுக்கு இப்போது பதினாலு. அவள் பிறந்ததிலிருந்து நான் வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன், யாரும் யார் உடம்பைப் பற்றியும் பேசக்கூடாது, குண்டு ஒல்லி என்ற சொல்லே வரக்கூடாது. எனக்கு நடந்தது அவளுக்கு நடக்கக்கூடாது என்று. போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் அவள் பாயசம் இன்னொரு கரண்டி கேட்டபோது பக்கத்து இலைக்காரம்மா, நெருங்கிய சொந்தம், சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாத்துடி, உங்கம்மா மாதிரி ஆயிடப்போற." நான் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தேன். கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை. பெண்ணும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் நாங்கள் அதைப் பேசவில்லை, அதுதான் வீட்டின் கட்டுப்பாடு ஆயிற்றே.

ஆடியில் அத்தை வந்து பத்து நாள் தங்கினார். மூன்றாம் நாள் சாயங்காலம், டி.வி. பார்த்துக்கொண்டிருந்த என் பெண்ணின் கையைச் சும்மா பிடிப்பது போலப் பிடித்து, வளையலை மேலே தள்ளினார். நான் சமையற்கட்டிலிருந்து "அத்தே" என்று அதட்டுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அத்தை தாழ்ந்த குரலில் கேட்டார், "ராத்திரி சாப்பிடறதில்லையா நீ?"

அவள் பதில் சொல்லவில்லை. கண் மட்டும் நிறைந்தது. டியூஷன் முடிந்து வரும்போதே ஃப்ரெண்டு வீட்டில் சாப்பிட்டுவிட்டேன் என்று எத்தனை வாரமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நானும் எத்தனை வாரமாக நம்பிக்கொண்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கை மாவில் அப்படியே இருந்தது.

அத்தை வேறு எதுவும் கேட்கவில்லை, யார் என்ன சொன்னார்கள் என்றும் கேட்கவில்லை. எழுந்து வந்து ஒரு தட்டில் இட்லி வைத்து, மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றி, எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். 1967-ல் ரேஷன் வரிசையில் நின்ற கதையை ஆரம்பித்தார், நாங்கள் நூறு தடவை கேட்ட கதை. என் பெண் இரண்டு இட்லி சாப்பிட்டாள். மூன்றாவதை அத்தை வைக்கவில்லை.